சீனாவுக்காக நின்றுபோன பேச்சு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீனாவில் ஏதோ ஒரு நகரம், கண்ணாடிக் கட்டடங்கள், தண்டவாளத்தில் பறக்கிற ரயில். கீழே, "இதுவா கம்யூனிஸ்ட் நாடு?" என்று கேட்டிருந்தார். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர், அது பேருக்குத்தான் சோசலிசம், எப்போதோ முதலாளி நாடாகத் திரும்பிவிட்டது என்றார். இன்னொருவர், நிலமும் பேங்கும் இன்னும் அரசாங்கத்திடம்தானே இருக்கின்றன என்றார். பிறகு யாரோ பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டார்கள். பேச்சு அதோடு கலைந்துவிட்டது.

நான் எதுவும் எழுதவில்லை. எழுத வராமல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தபால் ஆபீஸில் அடுத்தவர்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தவள் நான். ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் எடுக்க எனக்குப் பயம். ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஐப்பசி மாதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நான் பள்ளிக்கு வராமல் இருந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு திண்டிவனம் ரோட்டுப் பக்கம் இருந்தது. நிலக்கடலையை நாம் மல்லாட்டை என்போமே, அதை உடைக்கிற மில்கள் இருந்த வரிசைக்குப் பின்னால். பருவம் வந்தால் தெருவே செம்மண் நிறத்தில் இருக்கும். காயவைத்த துணி, குடிதண்ணீர்ப் பானை, தட்டில் போட்ட சோறு, எல்லாவற்றிலும் அந்தத் தூசி உட்காரும். அம்மா மில்லில் பருப்புப் பொறுக்கினாள். மாலையில் வந்து தலையை உதறினால் சிவப்புத் தோல் பறக்கும். அவள் பக்கத்தில் படுத்தால் பச்சைப் பருப்பும் கோணிச் சாக்கும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கு எங்கேயாவது மல்லாட்டை மூட்டை அவிழ்த்தால் எனக்கு முதலில் நெஞ்சடைக்கிறது. வாசனை அதற்கப்புறம்தான் தெரிகிறது.

அப்பாவை நான் நைனா என்பேன். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் கருகிப்போன மோட்டார்கள் எல்லாம் அவரிடம் வரும். மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு கடை தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கண்ணாடி போடாமல் பற்றவைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கண் சிவந்து வருவார். அம்மா வாசலில் இருந்த நந்தியாவட்டையில் பூப்பறித்து அவர் கண்மேல் வைத்துத் துணியால் கட்டுவாள். கட்டிய கண்ணோடு அவர் சோறு பிசைந்து சாப்பிடுவார். நைனா அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாப்ள, பாட்டாளி வர்க்கத்துக்குக் கண்ணு முக்கியம்டா" என்பார். மாமா சிரிப்பார். அவர் நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை மாமா என்பேன். மாமா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள் என்பது எங்கள் வீட்டு வேடிக்கை.

இரண்டு பேரும் ஒரே கட்சி. மில் பெண்களுக்குச் சங்கம் ஆரம்பித்ததும் அவர்கள்தான். எங்கள் வீட்டில் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. சாயங்காலம் சீனாவிலிருந்து தமிழில் ஒலிபரப்பு வரும். கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல். அந்த அம்மாள் பேசிய தமிழ் நம் பாடப் புத்தகத்துத் தமிழை விடச் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்து வைப்பாள். நான் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பேசிக் காட்டுவேன். நைனாவும் மாமாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படித்தான் கூட்டங்களில் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. சங்கத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குப் படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கோட்டைக்குள் கூடுவார்கள். ராஜகிரி மலை அடிவாரத்தில் அந்தக் காலத்துத் தானியக் களஞ்சியம் இருக்கிறதே, அதற்குள். வெயில் உள்ளே வராது. வௌவால் நாற்றம் அடிக்கும். நான் ஒரு கல்மேல் ஏறி நின்று வாசித்தால், குரல் மேலே போய்ச் சுவரில் மோதி, இன்னும் பெரிய ஆளின் குரலாகத் திரும்பி வரும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். அந்தக் குரலுக்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் எதிர் வீட்டுச் சின்னம்மாவின் கை போயிற்று.

அவர் அம்மாவுடன் பிறந்தவர் இல்லை. தெருவில் எல்லோருக்கும் சின்னம்மா. புருஷன் இல்லை, பதினாறு வயதில் ஒரு பெண் மட்டும். உடைக்கிற மெஷினுக்குக் காய் கொட்டும்போது புடவைத் தலைப்பு பெல்ட்டில் சிக்க, இழுக்கப் போன வலது கை உள்ளே போய்விட்டது. நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பெல்ட்டுக்கு மேலே ஒரு மூடி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தகரத்தை வளைத்து நான்கு இடத்தில் பற்றவைத்தால் போதும், மாமாவுக்கு அரை நாள் வேலை. மில்லுக்காரரிடம் இரண்டு பருவமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, கை இல்லாதவளுக்கு மில்லில் என்ன வேலை என்று அவர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் உட்கார்ந்தாள். வீட்டில் சமைக்கவும் மரத்தடிக்குத் தண்ணீர் எடுத்துப் போகவும் நான் பள்ளியை விட்டு நின்றேன். கேட்டது இரண்டே விஷயம்: மெஷினுக்கு மூடி, சின்னம்மாவுக்கு உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை. பருவம் உச்சத்தில் இருந்தது. காய் மூட்டைகள் வெளியே அடுக்கியிருந்தன, மழை வேறு மிரட்டியது. ஐந்து நாளில் மில்லுக்காரர் இறங்கி வருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் இறங்கியும் வந்தார். அதற்கு முன்பு சீனா வந்துவிட்டது.

அந்த வாரம் மாமாவுக்கு விழுப்புரத்துத் தோழர் ஒருவர் மூலம் ஒரு சிறு புத்தகம் வந்தது. மங்கலான அச்சு, பழுப்புத் தாள். சீனாவில் முதலாளித்துவம் திரும்பிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. மாமா இரண்டு நாள் பட்டறையைச் சாத்திவிட்டு அதைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்தில், வேலைநிறுத்தம் பற்றிப் பேசி முடித்ததும் அதை எடுத்தார்.

"அங்க பொதுவுல இருந்த கம்யூன் நிலத்தையெல்லாம் குடும்பம் குடும்பமா பிரிச்சுக் குடுக்கிறாங்க" என்றார். "ஃபேக்டரியில லாபம் காட்டுற மேனேஜருக்கு பெருமை. வெளிநாட்டு முதலாளிய வா வான்னு கூப்புடுறாங்க. இதுக்குப் பேரு இன்னா மாமா?"

நைனா பீடியை அணைத்தார். "பசி. அதுக்குப் பேரு பசி. அத்தினி கோடி ஜனத்துக்கு சோறு போடணும். நிலத்தை வித்துட்டானா? குத்தகைக்குத்தான் விட்டிருக்கான். ஆட்சி யாரு கையில இருக்குது?"

"பேரு யாரு கையிலன்னு கேளுங்க, சொல்றேன். ஆட்சி கை மாறிடுச்சு."

"ரெண்டடி முன்னால போக ஒரு அடி பின்னால வெக்கிறான்."

"பின்னால வெச்ச அடி திரும்பி வரவே வராது மாமா. ஒவ்வொரு தடவையும் ஒரு அடிதான்னு சொல்லுவாங்க. கடைசியில பார்த்தா கிளம்புன எடத்துலயே நிப்பான்."

பெண்கள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா தூண் ஓரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் பிள்ளையைப் போல வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "அந்த ஊருல மெஷினுக்கு மூடி இருக்குதா?"

மாமா, "முன்ன இருந்திருக்கும்" என்றார். நைனா, "இப்பவும் இருக்கும்" என்றார். சின்னம்மா தலையாட்டினார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் சுருங்கிப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புதன்கிழமை மில்லுக்காரர் ஆள் அனுப்பினார். மூடி போட்டுவிடுகிறேன். சின்னம்மாவை எடுக்க முடியாது. வேண்டுமானால் அவர் இடத்தில் அவருடைய பெண் வரட்டும்.

நைனா, ஒத்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பேசினார்கள். "மொதல்ல மூடி வரட்டும். இன்னொருத்தி கை போவாது. அந்தப் பொண்ணுக்கு வேலை, வீட்டுல உலை வைக்கலாம். மிச்சத்துக்கு அடுத்த பருவத்துல நிப்போம்."

"ஆத்தா கையை எடுத்துக்கினு பொண்ணைக் கேக்கிறான். அதையும் குடுக்கச் சொல்றீங்களா?" மாமா எழுந்து நின்றுவிட்டார். "இதைத்தான், தோழர், அங்கயும் செஞ்சாங்க. இப்படித்தான் ஒண்ணொண்ணா வுட்டாங்க."

அன்றுதான் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குள் அவர் நைனாவைத் தோழர் என்றார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். மாமா சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. பின்னாளில் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கையைப் பறித்த மெஷினுக்கே மகளை அனுப்பு என்று சொல்வதில் உள்ள அசிங்கம் அவருக்குத்தான் உறைத்தது. நைனாவுக்கு அடுத்த கைதான் கண்ணில் தெரிந்தது. சின்னம்மாவை உட்கார வைத்து, உனக்கு எது வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. மில்லைப் பற்றித் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும் சீனாவில் போய் முடிந்தது. சீனாவைப் பற்றித் தொடங்கினால் மில்லில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வது என்று வைத்தார்கள்.

சனிக்கிழமை மாமா அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "பாப்பா, ரேடியோக்காரம்மா மாதிரி படிக்கணும். நான் கோடு போட்டிருக்கிற பத்தியெல்லாம். ஒரு தரம் வீட்டுல படிச்சுப் பழகிக்க" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. நான்காவது பக்கத்தில் ஒரு பத்தி. முதலாளித்துவத்தைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் வெளியிலிருந்து வருவதில்லை, நம் பக்கத்திலேயே நம்மவர்களாக இருந்து சமரசம் பேசுவார்கள், எதிரியை விட அவர்களே ஆபத்தானவர்கள் என்ற பொருளில் எழுதியிருந்தது. அது புரிந்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் மாமா சின்னதாக எழுதியிருந்தார்: உதாரணம், அக்கா புருஷன்.

நம் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் நாம் எழுதுவோமே, உதாரணம் என்று, அதே மாதிரி. படிக்கும்போது தனக்காக எழுதியிருக்கிறார். அழிக்க மறந்திருக்கிறார். அந்த எழுத்தை விரலால் தேய்த்தேன். சிவப்பு பரவியது, போகவில்லை. அம்மாவிடம் காட்டலாம் என்று எழுந்தேன். அவள் தம்பிக்குப் பிடிக்கும் என்று கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை களஞ்சியம் நிறைந்திருந்தது. வழியில் பொறுக்கிய சீத்தாப்பழங்களைப் பெண்கள் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். காலையில் வரும்போதே, "எனக்கு மூடி வந்தாப் போதும். உங்க நைனா சொல்றதுக்குத்தான் கை தூக்கப் போறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். மற்ற பெண்கள் எது செய்வதானாலும் அவளைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

நான் கல்மேல் ஏறி வாசித்தேன். குரல் மேலே போய்ப் பெரிதாகித் திரும்பி வந்தது. நான்காவது பக்கம் வந்தது. அந்தப் பத்தியின் முதல் சொல்லில் கண் நின்றது. இந்தக் கட்டடம் முழுக்க அந்த வார்த்தைகள் மோதி, அவ்வளவு பெரிய குரலில் நைனாமேல் விழுவதை நினைத்தேன். அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

"நில்லு" என்றார் மாமா. "ஒரு பத்தி வுட்டுட்ட."

"இல்ல மாமா."

"இருக்குது. எனக்கு மனப்பாடம். படி."

நான் படிக்கவில்லை. அவர் எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கினார். பக்கத்தைப் பார்த்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு புத்தகத்தை மடக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அந்தப் பத்தியைப் பார்க்காமலே சொன்னார், எழுத்துப் பிசகாமல். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"யாரு வுடச் சொன்னது? உங்க நைனாவா?"

இல்லை என்று சொன்னால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பென்சிலில் எழுதியதைச் சொல்ல வேண்டும். அம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் இவ்வளவையும் நான் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பேசாமல் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். கூட்டம் சலசலத்தது. "பச்சப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறதா?" என்று யாரோ சொன்னார்கள்.

நைனா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கருகிய மோட்டாரைத் திறந்து எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பாரே, அந்த மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஆமா. நான்தான் வுட்டுப் படிக்கச் சொன்னேன். புள்ளையக் கேக்காதீங்க."

கைதூக்கச் சொன்னபோது, மாமாவின் பக்கம் முதலில் எழுந்தது அம்மாவின் கை. அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். சின்னம்மா தூக்கவில்லை. எந்தப் பக்கம் என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்லுக்காரருக்குப் பதில் போனது. அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அடுத்து அமாவாசை வந்தது. சின்னம்மாவுக்காக வேண்டிக்கொண்டு பெண்களில் பாதிப்பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் ஏறினார்கள். மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. வல்லம் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவந்து விட்டார் மில்லுக்காரர். புளியமரத்தடியில் இன்னும் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருத்தராகக் குறைந்தார்கள். பழைய பெண்களில் மன்னிப்புக் கேட்டவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா கேட்கவில்லை. சின்னம்மாவின் பெண்ணுக்கும் வேலை இல்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ செங்கல் சூளைக்குப் போனதாகச் சொன்னார்கள். மூடி வரவில்லை. அடுத்த பருவத்தில் வேனில் வந்த பெண் ஒருத்திக்கு முழங்கை வரை போனது.

நைனா சங்கத்திலிருந்து ஒதுங்கினார். கடைக்குப் பழையபடி ஆள் வரும், காயில் கட்டி வாங்கிப் போகும். ஆனால் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்க யாரும் வரவில்லை. மாமா பட்டறையை விற்றுவிட்டு அம்பத்தூர் போய்விட்டார். போகும்போது எங்கள் வாசலில் நின்று, "இந்த ஆளு இருக்கிற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்கா" என்றார். அம்மா பூப்பறித்துக்கொண்டிருந்தாள். யாருக்காகப் பறித்தாள் என்று தெரியவில்லை. பறித்ததை எல்லாம் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் நான் பெரிய பெண்ணானேன். நம் பக்கத்தில் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினால்தான் பெண்ணை உட்கார வைப்பார்கள். அம்மா கடிதம் எழுதச் சொன்னாள். நான்தான் எழுதினேன். பதில் இல்லை. ஒன்பதாம் நாள் வரை பார்த்துவிட்டு, நைனாவே போய் ஓலை வெட்டி வந்து கட்டினார். அப்பன் கட்டுகிற வழக்கம் இல்லை. தெருவில் ஒரு மாதிரிப் பேசினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு, ஓலை இடுக்கு வழியாக அவர் முதுகு தெரிந்தது. அம்மா வெளியே நின்று, "எல்லாம் உன்னாலதான். அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தியே, அன்னைக்குப் போச்சு என் பொறந்த வீடு" என்றாள். நைனா முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த ஓலையை எடுத்தார்.

அம்மா அதை விடவே இல்லை. தீபாவளிக்குச் சொல்வாள், பொங்கலுக்குச் சொல்வாள், குழம்பில் உப்பு கூடிப்போனாலும் அங்கேதான் போய் நிற்பாள். நைனா ஒரு முறைகூடப் பதில் சொன்னதில்லை. என்னிடம் தனியாகக்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. முதலில் பயம். பிறகு கல்யாணம், வேலை, குழந்தைகள். கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்கு நடந்தது போல இல்லாமல், எங்கோ கேட்டது போல ஆகிவிட்டது. ஒரு தரம் மட்டும், சோவியத் யூனியன் உடைந்துபோன சமயம், நைனா ரேடியோவைத் திருகிக்கொண்டே, "உங்க மாமன் சொன்னதுல விஷயம் இருக்குது பாப்பா. நான் அன்னைக்கு முழுசா ஒத்துக்கல. நேர்ல இருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். மாமாவின் விலாசம் என்னிடம் இருந்தது. எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கும்.

நைனா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மாமா வந்தார். தலை முழுக்க நரைத்து, ஒரு கண்ணில் பார்வை இல்லாமல். அத்தனை வருஷத்துக்குப் பிறகு படியேறினார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போய்ட்டாருடா. அவர் பண்ண தப்பை மனசுல வெச்சுக்காத" என்றாள். நைனாவின் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா மாதம் ஒரு தரம் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவார். போன மாதம் அந்த வீடியோ வந்த வாரத்தில் வந்தார். நான் அதை அவருக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். ஜெயித்தவர் மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நான் சொன்னபடிதான் ஆச்சு" என்றார், சாதாரணமாக. "சொல்றதுக்குத்தான் எதிர்ல ஆளு இல்ல."

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கூர்மை. அவள் இருக்கும்போதே சொன்னேன். துவைக்கிற கல், நான்காவது பக்கம், சிவப்புப் பென்சில், விரலால் தேய்த்தது, எல்லாவற்றையும். நைனா எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன்.

மாமா செல்போனைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தெரியும் பாப்பா. புஸ்தகத்தைப் புடுங்கினேனே, அப்பவே என் எழுத்தைப் பார்த்துட்டேன். அதைத் தேய்ச்சிருந்தது. நீயாதான் வுட்டிருக்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதை எவனும் பார்த்துடக் கூடாதுன்னுதான் பையில போட்டேன்."

"அப்புறம் ஏன் மாமா நைனாவைக் கேட்டீங்க?"

"அவரு இல்லன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். சொல்லட்டுமேன்னு பார்த்தேன். அவரு ஆமான்னுட்டாரு." துண்டால் பார்வையில்லாத கண்ணைத் துடைத்தார். "அந்த ஆமாவுல கை எல்லாம் என் பக்கம் தூக்குவாங்கன்னும் தெரிஞ்சுது. வுட்டுட்டேன். நான் சொல்றதுதான் சரின்னு அவ்வளவு நம்பிக்கை எனக்கு. சரியானதுக்காக இது ஒண்ணு பரவாயில்லன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் அவரு மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் படியேற மாட்டேன்னு சொன்னேன். கோவம்னு நீங்கள்லாம் நெனச்சீங்க."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அவள் மட்டும் படுக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா மாலை வரை வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார்.

இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. கஞ்சி கொண்டு போய் வைத்தால் குடித்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் தலை வாரிவிடும்போது, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எனக்கென்று சொல்லாமல் பேச ஆரம்பித்தாள்.

"ஒரு நாளாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கலாம் அந்த மனுசன். அடுப்பாண்ட கேட்டிருக்கேன், படுக்கையில கேட்டிருக்கேன், ஆஸ்பத்திரியில மூக்குல டியூப்பு சொருகியிருக்கிறப்ப கூட கேட்டேன். ஏன்யா புள்ளைக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தன்னு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் வாசப்பக்கம் பார்த்தாரு. நீ மருந்து வாங்கிக்கினு வந்துக்கினு இருந்த."

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"வாரு" என்றாள் அம்மா.